டெபெஷ் மோடின் 'வயலேட்டர்': பதின்ம வயதில் கேட்டதும் இப்போது கேட்பதும்

#1 · ரூர்நதி

டெபெஷ் மோட் இசைக்குழுவின் 'வயலேட்டர்' ஆல்பம் பற்றி இங்கே தனி இழை எதுவும் கண்ணில் படவில்லை. எண்பதுகளின் இசை பற்றிய பழைய இழைகளில் ஒன்றிரண்டு வரிகள் இருக்கின்றன, அவ்வளவுதான். இந்த ஆல்பத்துக்கு அது போதாது.

வெளிவந்தது 1990 மார்ச் 19-இல். நான் அப்போது ஜெர்மனியின் ரூர் பகுதியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. குழுவினர் இங்கிலாந்தின் பேசில்டன் நகரத்துப் பையன்கள். ஆனால் ஜெர்மன்காரர்கள் அவர்களைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகவே நினைத்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. எண்பதுகளின் நடுவில் அவர்களுடைய ஆல்பங்கள் மேற்கு பெர்லினில், மதிலுக்குப் பக்கத்திலேயே இருந்த ஹன்சா ஸ்டூடியோவில் உருவாயின. 1988 மார்ச் 7-இல் கிழக்கு பெர்லினுக்கே போய் வாசித்துவிட்டு வந்தார்கள். அந்த நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு குதிரைக்கொம்பு. இந்த ஆல்பத்தின் 'பர்சனல் ஜீசஸ்' சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வந்தது 1989 ஆகஸ்டில், 'என்ஜாய் த சைலன்ஸ்' வந்தது 1990 பிப்ரவரியில். இரண்டுக்கும் நடுவில், நவம்பரில், மதில் விழுந்தது. என் வகுப்பில் இருந்தவர்கள் இந்த ஆல்பத்தை அந்தக் குளிர்காலத்திலிருந்து பிரித்துப் பார்க்கவே மாட்டார்கள்.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அண்மையில் நல்ல ஹெட்போனில், ஒரு பாட்டையும் தாண்டாமல், முழுதாகக் கேட்டேன். 9 பாட்டு, சுமார் 47 நிமிடம். பதின்ம வயதில் எனக்கு இதில் பிடித்தது இருட்டு. கறுப்பு அட்டை, நடுவில் ஒற்றைச் சிவப்பு ரோஜா, பாவம், குற்றவுணர்வு, ஆசை என்று போகும் வரிகள். அந்த வயதுக்கு அது போதும். இப்போது காதில் முதலில் விழுவது காலி இடம்.

'வேர்ல்ட் இன் மை ஐஸ்' தொடங்கும் விதத்தைக் கேளுங்கள். அடியில் ஒரு பேஸ் வரி ஓடுகிறது, மேலே வறண்ட தட்டல் ஒலி. குரல் வந்த பிறகும் அதைச் சுற்றி எதையும் அடைத்து வைக்கவில்லை. பாடகர் டேவ் கஹான் உரக்கப் பாட வேண்டிய தேவையே இல்லை, தாழ்ந்த குரலில் காதருகே வந்து பாடுகிறார். 'வெய்ட்டிங் ஃபார் த நைட்' பாட்டில் டிரம்மே கிடையாது. சுற்றிச் சுற்றி வரும் ஒரு சீக்வென்சர் வரி (சுரங்களைத் தானாகத் திரும்பத் திரும்ப இசைக்கும் கருவி), மேலே கஹானும் பாட்டெழுதும் மார்ட்டின் கோரும் சேர்ந்து பாடுவது, பின்னால் மெல்லிதாக நீண்டு படரும் பாட் ஒலிகள். ஆறு நிமிடம் அப்படியே போகிறது, ஒரு கணமும் இழுவையாக இல்லை.

அந்தக் காலத்துச் சின்த்-பாப் (சின்தசைசர் என்ற மின்னணு விசைப்பலகையை முதன்மையாக வைத்த பாப் இசை) ஆல்பங்கள் பலவற்றில் இன்று முதல் பத்து விநாடியிலேயே ஆண்டு தெரிந்துவிடும். ஸ்னேர் டிரம்மில் பெரிய ரிவெர்ப் (எதிரொலி), பளபளக்கும் டிஜிட்டல் மணி ஒலி, இடைவெளி கிடைத்தால் உடனே அடைக்கும் விசைப்பலகை. 'வயலேட்டர்' இவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடவே இல்லை. எதைச் சேர்க்காமல் விட்டார்கள் என்பதால்தான் அது இன்னும் புதிதாக நிற்கிறது என்பது என் கருத்து.

நீங்கள் எப்போது கேட்டீர்கள், இப்போது எப்படி இருக்கிறது, எழுதுங்கள்.

#2 · மிக்ஸர்மேசை

நல்ல இழை. நான் சென்னையில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கிறேன். ஒலிக்கலவை பழக வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டும் ஆல்பங்களில் இது ஒன்று. காலி இடம் என்று நீங்கள் சொன்னது சும்மா வந்ததல்ல, அவர்கள் வேலை செய்யும் முறையையே மாற்றியதால் வந்தது.

அதற்கு முன் மார்ட்டின் கோர் தன் வீட்டிலேயே டெமோவை (பாட்டின் மாதிரிப் பதிவை) முக்கால்வாசி முடித்துக் கொண்டுவருவார். டிரம், பேஸ், மெட்டு, எல்லாம் அதிலேயே இருக்கும். ஸ்டூடியோவில் அதே பாட்டை இன்னும் நல்ல ஒலியில் திரும்பச் செய்வதுதான் மற்றவர்களுக்கு மிச்சம். இந்த முறை டெமோவை வெறுமையாகவே கொடு என்று கேட்டுக்கொண்டார்கள். பாட்டும் வரிகளும், அதைத் தாங்க ஒரு கிதாரோ ஆர்கனோ இருந்தால் போதும் என்று. பாட்டின் உடம்பை ஸ்டூடியோவில் சேர்ந்து கட்டினார்கள். கட்டியவர்களில் முக்கியமானவர்கள் இருவர்: குழுவில் இருந்த ஆலன் வைல்டர், தயாரிப்பில் புதிதாகச் சேர்ந்த ஃப்ளட். ஃப்ளட்டின் இயற்பெயர் மார்க் எல்லிஸ். யூ2 ராக் குழுவின் 'த ஜோஷுவா ட்ரீ' ஆல்பத்துக்கு ஒலிப்பொறியாளராக இருந்தவர்.

தொடங்கியது 1989-இல், மிலான் நகரத்து ஸ்டூடியோவில். அங்கே உருப்படியாக முடிந்தது 'பர்சனல் ஜீசஸ்'. பெரும்பகுதி வேலை டென்மார்க்கின் கிராமப்புறத்தில் இருந்த பக் ஸ்டூடியோவில் நடந்தது. பிறகு லண்டன். கலவையில் பெரும்பகுதியை ஃப்ரான்சுவா கெவோர்க்கியனிடம் கொடுத்தார்கள். நியூயார்க் நடன அரங்குகளில் வளர்ந்தவர், ஜெர்மன் மின்னணு இசைக்குழு க்ராஃப்ட்வெர்க்கோடும் வேலை செய்தவர். ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தனித்தனியே நிற்பதும், அடித்தளம் மட்டும் விடாமல் நடப்பதும் அவருடைய கை.

'வெய்ட்டிங் ஃபார் த நைட்' பற்றி ஒரு விஷயம். வைல்டரும் ஃப்ளட்டும் அப்போது டாஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மன் மின்னணு இசைக்குழுவைக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அந்தச் சூழலைக் கொண்டுவர ஃப்ளட்டின் ஏஆர்பி சின்தசைசரையும் அதோடு வரும் சீக்வென்சரையும் எடுத்தார்கள். அந்தக் கருவியில் ஒவ்வொரு சுரத்தின் அழுத்தத்தையும் ஃபில்டர் திறப்பையும் தனித்தனியாக வைக்கலாம். அந்தப் பாட்டில் ஓடும் வரியை மட்டும் உற்றுக் கேளுங்கள். சுரங்கள் ஒரே வரிசையில்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் ஒன்று வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக, மூன்றாவது கொஞ்சம் அழுத்தமாக விழும். டிரம் இல்லாமல் அந்தப் பாட்டு மூச்சு விடுவது இதனால்தான். இன்று கணினியில் அதே சுரங்களைப் போட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடும், அந்த அசைவு வராது. நானே முயன்று பார்த்திருக்கிறேன்.

#3 · லூயிஷம்

அருமையான ஆல்பம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 1990 நவம்பரில் வெம்ப்ளி அரீனாவில் இந்தச் சுற்றுப்பயணத்தைப் பார்த்தவன் நான். ஆனால் இதைச் சின்த்-பாப் ஆல்பம் என்று கொண்டாடுவதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

நான் இவர்களை 1981-இல், 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' காலத்திலிருந்து கேட்கிறேன். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான வின்ஸ் கிளார்க் இருந்த ஒரே ஆல்பம். கிதார் எடுக்க மாட்டோம், மேடைக்கு மூன்று சின்தசைசரையும் ஒரு பாடகரையும் கொண்டுபோவோம் என்று நின்றவர்கள். அன்றைய லண்டன் பத்திரிகைகள் அதற்காகவே அவர்களைக் கேலி செய்தன. விசையை அழுத்தினால் பாட்டு வருகிறது, இவர்கள் என்ன இசைக்கலைஞர்கள் என்று எழுதினார்கள். எங்களைப் போன்றவர்கள் அவர்கள் பக்கம் நின்றோம். பள்ளியில் கிதார் கோஷ்டி ஒன்று இருந்தது. எங்களுக்கு அதில் இடம் இல்லை, இடம் வேண்டும் என்றும் தோன்றவில்லை.

'வயலேட்டர்' காலம் எதில் தொடங்குகிறது? முதல் சிங்கிளான 'பர்சனல் ஜீசஸ்' பாட்டின் ப்ளூஸ் கிதார் வரியில். அது வெற்றி பெற்றதும் கதவு திறந்துவிட்டது. 1993-இல் 'சாங்ஸ் ஆஃப் ஃபெய்த் அண்ட் டிவோஷன்' வந்தபோது நீண்ட முடியும் தாடியுமாக ஒரு ராக் குழு நின்றது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் போன அவர்களுடைய முதல் ஆல்பம் 'வயலேட்டர்' என்பதும் தற்செயல் இல்லை. கிதார் இல்லாமல் அந்த நாடு காது கொடுத்திருக்காது.

எனக்குச் சின்த்-பாப்பின் உச்சம் 1986-இன் 'ப்ளாக் செலிப்ரேஷன்'. 'வயலேட்டர்' அதிலிருந்து இறங்கும் அழகான படி.

#4 · ரூர்நதி

லூயிஷம், நீங்கள் எனக்கு மூத்தவர், வெம்ப்ளியில் பார்த்தவர் என்று வேறு சொல்லிவிட்டீர்கள், பொறாமையாக இருக்கிறது. ஆனாலும் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

'பர்சனல் ஜீசஸ்' கிதாரைக் கொஞ்சம் மறந்துவிட்டு அந்தத் தாளத்தைக் கேளுங்கள். அந்தக் கனத்த மிதி ஒலி டிரம்மே இல்லை. இசைக்கருவிகளை ஏற்றிச் செல்லும் பெட்டிகளின் மேல் ஆட்கள் ஏறிக் குதித்த சத்தத்தைப் பதிவு செய்து, அதைச் சாம்பிளாக்கி (துண்டாக எடுத்து மறுபடி இசைக்கும்படி ஆக்கி) அடுக்கினார்கள். நடுவே வரும் மூச்சுச் சத்தமும் தாளத்தின் ஒரு பகுதிதான். எந்த ராக் குழு அப்படி ஒரு பாட்டைக் கட்டும்? கையில் கிடைத்த இரும்பையும் மரத்தையும் தட்டிச் சாம்பிளெடுத்து 1983, 84-இல் அவர்கள் செய்த வேலையின் நேர்த் தொடர்ச்சி இது. கிதாரும் அங்கே இன்னொரு ஒலிமூலம், அவ்வளவுதான். வெட்டி, இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

'என்ஜாய் த சைலன்ஸ்' கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோர் கொண்டுவந்த டெமோ ஒரு மெதுவான சோகப் பாட்டு. ஹார்மோனியம், அவருடைய குரல், வேறு எதுவும் இல்லை. இதன் கீழே ஒரு நடன வேகத் தாளம் போட்டுப் பார்க்கலாம் என்று வைல்டர் சொன்னபோது கோருக்குப் பிடிக்கவில்லை. மௌனத்தைப் பற்றிய பாட்டை எதற்கு ஓடவிட வேண்டும் என்பது அவருடைய நியாயம். வைல்டரும் ஃப்ளட்டும் செய்து காட்டிய பிறகுதான் சம்மதித்தார். கிதாரை எடுத்து அந்த வரியை அவர் வாசித்தது அதற்குப் பிறகு. இன்று எந்த நாட்டு மைதானத்தில் வாசித்தாலும் கூட்டம் முழுக்க வாயால் பாடுவது அந்தக் கிதார் வரியைத்தான்.

அந்த வரி எங்கே வருகிறது என்று பாருங்கள். கஹான் பாடும்போது ஒதுங்கி நிற்கிறது. அவர் நிறுத்திய இடத்தில் நுழைகிறது, பிறகு விலகிப் போகிறது. கோர்டு அடித்து நிரப்பும் வேலையே கிடையாது. ராக் கிதார் இப்படி ஒதுங்கி நின்று நான் கேட்டதில்லை. அது ஒரு சின்தசைசர் வரி நடந்துகொள்ளும் முறை.

#5 · வேம்படி

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். ஒலியைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள், வரிகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்கள் வீடு கத்தோலிக்க வீடு. 'பர்சனல் ஜீசஸ்' என்று கேசட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தோஷம், பிள்ளை பக்திப் பாட்டு கேட்கிறாள் என்று. நான் விளக்கவில்லை. ஆனால் இப்போது நினைத்தால் அம்மா நினைத்ததிலும் விஷயம் இருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லியைப் பற்றி அவருடைய மனைவி பிரிசில்லா எழுதிய நூலைப் படித்துத்தான் கோர் அந்தப் பாட்டை எழுதினார். ஒரு மனிதர் இன்னொருவருக்குக் கடவுளாகவும் வழிகாட்டியாகவும் ஆகிவிடும் நிலை. காதலில் அப்படி யாரும் யாருக்கும் ஆகக் கூடாது என்கிற கவலை அதில் இருக்கிறது. சிங்கிள் வரும் முன்பே பிரிட்டனில் செய்தித்தாள்களின் தனிப்பட்ட விளம்பரப் பகுதியில் பாட்டின் தலைப்பையும் ஒரு தொலைபேசி எண்ணையும் போட்டார்களாம். அழைத்தால் பாட்டு கேட்கும். தனிமையில் இருக்கிற ஒருவர் எண்ணைச் சுழற்றுவதும், மறுமுனையில் இந்தக் குரல் வருவதும் அந்தப் பாட்டுக்கு எவ்வளவு பொருத்தம்! 2002-இல் ஜானி கேஷ் இதைப் பாடியபோது அந்தக் கனத்த தாளத்தை எடுத்துவிட்டு, முக்கியமாகக் கிதாரை வைத்தே பாடினார். அவர் பாடும்போது அது உண்மையிலேயே ஜெபமாக மாறிவிட்டது. என் அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன், மிகவும் பிடித்தது.

இன்று எனக்கு இடிப்பது 'ப்ளூ டிரெஸ்'. கோர் தானே பாடும் பாட்டு, மெட்டு அவ்வளவு இனிமை. ஆனால் ஒரு ஆண் உட்கார்ந்துகொண்டு, அந்த உடையைப் போடு, நான் பார்க்க வேண்டும் என்கிறான். அவள் பக்கத்திலிருந்து ஒரு சொல் கூட இல்லை. பதினைந்து வயதில் இதைக் காதல் பாட்டு என்று நினைத்து உருகினேன். இப்போது என் மகளுக்கு அந்த வயது. அவளோடு காரில் போகும்போது இந்தப் பாட்டு வந்தால் மாற்றிவிடுகிறேன். மற்றவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விருப்பம்.

ஆனால் 'பாலிசி ஆஃப் ட்ரூத்' எனக்கு வயது ஆக ஆகப் பெரிதாகிக்கொண்டே போகிறது. உண்மையைச் சொன்னதற்காக ஒருவர் வருந்த வேண்டி வருவது பற்றி இவ்வளவு கறாரான பாப் பாட்டு வேறு எனக்குத் தெரியாது. வேலை பார்க்கும் இடத்திலும் குடும்பத்திலும் கொஞ்சம் அடிபட்ட பிறகுதான் அது விளங்கும்.

#6 · பனித்துளி

அண்ணாமார், அக்கா, நான் இந்த ஆல்பம் வந்து பல வருடம் கழித்துப் பிறந்தவன். 2023-இல் ஒரு அமெரிக்கத் தொடரின் முதல் அத்தியாயம் முடியும்போது இவர்களுடைய பழைய பாட்டு ஒன்று வந்தது. அதைத் தேடிப் போய், அங்கிருந்து 'வயலேட்டர்' வந்து சேர்ந்தேன். என் பதின்ம வயது ஆல்பம் என்று சொல்ல முடியாது, ஆனால் நேற்று இரவு உங்கள் இழையைப் படித்துவிட்டு முழுதாகக் கேட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஹேலோ'. அந்த டிரம் இந்த ஆல்பத்தின் மற்ற டிரம் மாதிரி இல்லை, ஏதோ பெரிய மண்டபத்தில் அடித்தது போல இருக்கிறது. அது என்ன? இன்னொன்று. 'என்ஜாய் த சைலன்ஸ்' முடிந்த பிறகும் அதே பாட்டின் நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, வேறு ஏதோ இசை வருகிறது. 'ப்ளூ டிரெஸ்' முடிவிலும் அப்படித்தான். என் செயலியில் ஏதாவது கோளாறா, எல்லோருக்கும் அப்படித்தானா?

'க்ளீன்' மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆல்பம் முடிகிற மாதிரியே இல்லை.

#7 · மிக்ஸர்மேசை

தம்பி, உங்கள் காது நல்ல காது. 'ஹேலோ' டிரம் லெட் ஸெப்பெலின் குழுவின் 'வென் த லெவீ ப்ரேக்ஸ்' பாட்டில் ஜான் பான்ஹம் வாசித்தது. 1971-இல் வெளிவந்த பாட்டு அது; ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படி மண்டபத்தில் டிரம்மை வைத்து, மைக்கை மேலே மாடியில் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். மண்டபம் மாதிரி இருக்கிறது என்றீர்களே, மண்டபமேதான். ராப் கலைஞர்கள் அதைச் சாம்பிளாக எடுத்துப் பரப்பினார்கள், வைல்டர் அங்கிருந்து எடுத்தார். அவ்வளவு பெரிய டிரம்மை எடுத்துவிட்டு, அதன் மேல் கம்பி வாத்தியங்களைப் போட்டு, அந்தத் தாளத்தை ஒரு இயந்திரம் மாதிரி விடாமல் சுற்றவிட்டார்கள்.

செயலியில் கோளாறு இல்லை. அவை பட்டியலில் பெயர் போடாத இடையிசைகள். 'என்ஜாய் த சைலன்ஸ்' 4 நிமிடம் 20 விநாடி வாக்கில் முடிந்துவிடும், ஆனால் ஆல்பத்தில் அந்தப் பாட்டின் நீளம் 6 நிமிடத்துக்கு மேல். மிச்சம் இடையிசை. 'ப்ளூ டிரெஸ்' முடிவில் வருவது 'க்ளீன்' பாட்டுக்கு வழி திறந்துவிடுகிறது. அதனால்தான் இந்த ஆல்பத்தைப் பாட்டுப் பாட்டாக உடைத்து, கலைத்துப் போட்டுக் கேட்டால் பாதி போய்விடும் என்று சொல்கிறேன்.

எல்பி இசைத்தட்டில் கேட்டவர்களுக்கு இன்னொரு அனுபவம் இருக்கிறது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'வெய்ட்டிங் ஃபார் த நைட்', இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு 'என்ஜாய் த சைலன்ஸ்'. டிரம்மே இல்லாத பாட்டு ஓய்ந்து, எழுந்து போய் தட்டைத் திருப்பி வைத்து, ஊசியை இறக்கினால் அந்தத் தாளம் தொடங்கும். நடுவில் இருக்கும் அந்த மௌனம் கேட்பவர் எழுந்து நடக்கும் நேரம். ஸ்ட்ரீமிங்கில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கேட்கும்போது நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடருங்கள்.

'க்ளீன்' பற்றி: அந்த பேஸ் வரியின் நடையைப் பிங்க் ஃப்ளாய்டோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு, கேட்டால் உங்களுக்கும் தெரியும். முடிகிற மாதிரி இல்லை என்பது சரியான கவனிப்பு. நான் சுத்தமாகிவிட்டேன் என்று பாடுகிறவர் குரலில் அந்த நிம்மதி இல்லை. இசையும் வெளிச்சத்துக்கு வராமல் அடியிலேயே சுற்றுகிறது. கஹான் அடுத்த சில ஆண்டுகளில் ஹெராயினால் பட்ட பாடு ஊரறிந்தது, 1996-இல் சாவைத் தொட்டுவிட்டு வந்தார். பாட்டு எழுதியது கோர், எழுதியபோது அது எதுவும் நடக்கவில்லை. இருந்தாலும் இன்று அதை அறியாதவர் போலக் கேட்க என்னால் முடியவில்லை.

வேம்படி அவர்களுக்கு: 'ப்ளூ டிரெஸ்' பற்றி நீங்கள் எழுதியது என்னை யோசிக்க வைத்தது. அந்த ஆளை நாம் விரும்ப வேண்டும் என்று பாட்டு கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கோர் எழுதும் ஆண்கள் பெரும்பாலும் பலவீனமானவர்கள், தங்கள் ஆசைக்கு அடிமைப்பட்டவர்கள். இந்த ஆளுக்கும் அந்த உடையைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியவில்லை.

#8 · வேம்படி

அப்படியும் கேட்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'ஸ்வீட்டஸ்ட் பெர்ஃபெக்‌ஷன்' பாட்டில் அதே அடிமைத்தனம் இருக்கிறது, அங்கே இசையே அதை எச்சரிக்கிறது. மெல்ல நொண்டி நடக்கும் டிரம், போகப்போக உயர்ந்து வரும் கம்பி வாத்தியங்கள், கடைசியில் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி ஆகிவிடும். 'ப்ளூ டிரெஸ்' முழுக்க இனிமை. எச்சரிக்கிற ஆள் யாரும் அங்கே இல்லை. அதனால்தான் மகளோடு இருக்கும்போது மாற்றுகிறேன்.

கோரின் குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கஹான் குரல் வெளியே நடந்து வருகிறது, கோர் குரல் உள்ளேயே இருக்கிறது. ஆல்பத்தில் இரண்டாவது பாட்டிலேயே அவரைக் கொண்டுவந்தது துணிச்சல். முதல் பாட்டில் நம்பிக்கையோடு பேசிய ஆண், அடுத்த பாட்டிலேயே உடைந்து நிற்கிறான்.

#9 · லூயிஷம்

ரூர்நதி சொன்ன கிதார் விஷயத்தை வைத்துக்கொண்டு நேற்று மறுபடி கேட்டேன். 'என்ஜாய் த சைலன்ஸ்' பற்றி அவர் சொல்வதில் வலு இருக்கிறது. 'பாலிசி ஆஃப் ட்ரூத்' முக்கிய வரிக்கு எத்தனையோ ஒலிகளை முயன்று பார்த்துவிட்டு, கடைசியில் சறுக்கிப் போகும் அந்தக் கிதார் ஒலியில் வந்து நின்றார்கள் என்று வைல்டர் சொல்லியிருக்கிறார். அதுவும் சின்தசைசர்காரர்கள் ஒலி தேடும் முறைதான். ஆனாலும் 'ப்ளாக் செலிப்ரேஷன்' பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

வைல்டர் பெயர் வந்துவிட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். இந்த ஆல்பத்தின் பெருமை முழுவதும் பாட்டெழுதிய கோருக்கும் பாடிய கஹானுக்கும் போய்விடுகிறது. 1995-இல் வைல்டர் விலகினார். தன் உழைப்புக்குரிய மதிப்பு உள்ளே கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அதன் பிறகும் நல்ல பாட்டுகள் வந்தன, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குக் கைப்பிடித்து அழைத்துப் போகும் அந்தக் கட்டுமானம் அதற்குப் பிறகு வரவே இல்லை. மிக்ஸர்மேசை விவரித்ததில் முக்கால்வாசி வைல்டரின் மேசையில் நடந்த வேலை.

குழுவின் நான்காவது ஆளான ஆண்டி ஃப்ளெட்சர் பற்றியும் யாரும் பேசவில்லை. மேடையில் கை தட்டியதைத் தவிர என்ன செய்தார் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் வாதாடுவதே இல்லை. அந்த நால்வரையும் ஒரே அறையில் உட்கார வைத்திருந்தவர் அவர். 2022 மே 26-இல் காலமானார். அடுத்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' வரும்போது அவருடைய படத்தைத் திரையில் காட்டினார்கள். அது அவருக்கு மிகவும் பிடித்த பாட்டு. லண்டனில் அதைப் பார்த்தபோது என் பக்கத்தில் நின்ற ஐம்பது வயது மனிதர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான்.

#10 · ரூர்நதி

ஃப்ளெட்சரைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அந்தச் சுற்றுப்பயணத்தின் பெர்லின் நிகழ்ச்சியிலும் அதே நிலைதான்.

வைல்டர் விஷயத்தில் பெரிய அளவுக்கு உங்களோடு ஒத்துப்போகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். வெறுமையான டெமோவைக் கொடுக்க ஒப்புக்கொண்டது கோர். பாட்டெழுதுகிற ஆளுக்கு அது எளிதல்ல. தன் தலையில் கேட்கும் முழுப் பாட்டையும் உள்ளேயே வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வேறொன்றைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 'என்ஜாய் த சைலன்ஸ்' போல, தன் விருப்பத்துக்கு நேர் எதிராகப் போகும்போதும் விட்டுக்கொடுக்க வேண்டும். காலி இடத்தை வைல்டரும் ஃப்ளட்டும் வடிவமைத்தார்கள், அந்த இடத்தைக் கொடுத்தது கோர். இதில் யாரை எடுத்தாலும் ஆல்பம் நிற்காது.

பனித்துளி, எந்தப் பதிப்பு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2006-இல் ரீமாஸ்டர் செய்து, கூடவே சுற்றிலும் ஒலிபெருக்கி வைத்துக் கேட்கும் 5.1 கலவையோடு ஒரு பதிப்பு வந்தது. அந்தச் சரவுண்ட் கலவையில் 'வெய்ட்டிங் ஃபார் த நைட்' கேட்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். சாதாரண ஸ்டீரியோவுக்கு முதல் பதிப்பின் சிடியே எனக்குப் போதும், மெல்லிய இடங்கள் அதில் மெல்லியதாகவே இருக்கின்றன.

அதோடு சிங்கிள்களின் மறுபக்கப் பாட்டுகளையும் தேடுங்கள். 'பர்சனல் ஜீசஸ்' பின்னால் வந்த 'டேஞ்சரஸ்', 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' பின்னால் வந்த 'ஹாப்பியஸ்ட் கேர்ள்', 'சீ ஆஃப் சின்'. இவற்றை ஆல்பத்தில் வைக்காமல் வெளியே விடும் அளவுக்கு அவர்களிடம் அந்த ஆண்டு சரக்கு இருந்தது. 'என்ஜாய் த சைலன்ஸ்' பாட்டின் ஹார்மோனியம் வடிவமும் சிங்கிளோடு வெளிவந்தது. கோர் முதலில் நினைத்த பாட்டு எப்படி இருந்தது என்று அதில் தெரியும்.

#11 · பனித்துளி

அண்ணா, ஹார்மோனியம் வடிவத்தை இப்போதுதான் கேட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, எனக்கு அதுதான் அதிகம் பிடித்திருக்கிறது. பிரபலமான வடிவத்தில் கிதார் வரிதான் என்னை இழுத்தது, வரிகளைக் கவனிக்கவே இல்லை. இதில் அந்த மனிதர் சொல்வது முழுதாகக் கேட்கிறது. நீங்கள் காலி இடம் என்று முதல் பதிவில் எழுதினீர்களே, இதில்தான் அது அதிகம் இருக்கிறது.

'க்ளீன்' மறுபடி கேட்டேன். மிக்ஸர்மேசை அண்ணா சொன்ன பிறகு கொஞ்சம் பிடிபடுகிறது.

#12 · ரூர்நதி

கோபமெல்லாம் இல்லை. அந்த வடிவம் அழகுதான், கோரின் குரலுக்குப் பழகியவர்களுக்கு அதில் சுவை அதிகம். ஆனால் அதை ஒரு முறை கேட்டால் மனம் நிறைந்துவிடுகிறது, உடனே மறுபடி போடத் தோன்றுவதில்லை. தாளம் போட்ட வடிவத்தில் வரிகள் ஓய்வெடு என்கின்றன, கால்கள் நிற்க மறுக்கின்றன. அந்த இழுபறிக்காகத்தான் இத்தனை வருடமாகத் திரும்பிப் போகிறேன். நீங்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், மெதுவானதை முதலில். கேட்டுவிட்டு, எந்த வரி எங்கே வேறு மாதிரி விழுந்தது என்று இங்கே எழுதுங்கள். லூயிஷம், நீங்கள் 'ப்ளாக் செலிப்ரேஷன்' பற்றி ஓர் இழை தொடங்க வேண்டும். தொடங்கினால் முதல் பதில் என்னுடையது.